இரவு வானப் படங்களை ‘ஸ்டாக்கிங்’ செய்வது ஏன்?

வானத்தின் ஒரே பகுதியை அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்படி அடுக்கி, சராசரி எடுத்து ஒரே படமாக்குவதுதான் ஸ்டாக்கிங். டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருளே போதும்.

ஏன் இந்தப் பாடு? இருட்டில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வண்ண மணல் தூவியதுபோல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். ‘இரைச்சல்’ எனப்படும் இந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் மாறும், நட்சத்திரம் மாறாது. கூச்சலுக்கு நடுவே ஒருவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கடைசியில் பிடிபட்டுவிடும் அல்லவா, அதே கதைதான். 16 படங்கள் சேர்த்தால் இரைச்சல் கால்வாசியாகும். 64 சேர்த்தால்தான் அதிலும் பாதி.

அப்புறம், ஸ்டாக் செய்த படம் கறுப்பாகவே வந்தால் தப்பாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஸ்டாக்கிங் இரைச்சலைத்தான் குறைக்கும். வெளிச்சத்தைக் கூட்டுவது அடுத்து, படத்திருத்த மென்பொருளில் ‘கர்வ்ஸ்’ என்ற வெளிச்சம் மாற்றும் கருவியில் செய்யும் வேலை.