நான்கு பாகை வித்தியாசம் பேஸ்டாலா, கச்சான் காற்றாலா?

கேள்வி: கணினியின் புரோசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே பூசும் பேஸ்டை மாற்றினேன். பழைய பேஸ்டில் புரோசஸர் காலை 71 பாகை வெப்பம் காட்டியது. புதியதைப் பூசிப் பின்னேரம் பார்த்தால் 75. ஏமாந்துவிட்டேனா? (உவர்மலை)

பதில்: அறையின் வெப்பத்தைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். கச்சான் எனும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் காலை 28 பாகையில் இருக்கும் அறை பின்னேரம் 33ஐத் தொடலாம். அப்படியானால் அறையைவிடப் பழையது 43, புதியது 42 பாகை அதிகம். உங்கள் புதிய பேஸ்ட் தோற்கவேயில்லை! காற்றை உள்ளிழுக்கும் விசிறிக்கு ஒரு சாண் முன்னால் வெப்பமானியை வையுங்கள். பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தால் பின்னால் வெளியேறும் சூடு சுற்றிவந்து அதையும் சுடும்.

கேள்வி: எவ்வளவு நேரம் ஓட்டவேண்டும்? எந்த எண்ணை எடுப்பது? (நிலாவெளி)

பதில்: முதலில் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) வேகத்தைத் தானாக ஏற்றும் டர்போவை நிறுத்தி, புரோசஸரின் வேகம், மின்னழுத்தம், விசிறிச் சுற்று மூன்றையும் மாறாமல் பூட்டுங்கள். பிறகு புரோசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை 30 நிமிடம் ஓட்டி, கடைசி 5 நிமிடச் சராசரியை எடுங்கள். ‘அதிகபட்சம்’ என்று காட்டுவது ஒரு கணத் துள்ளல், அது வேண்டாம். புரோசஸர் எடுக்கும் வாட் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். ஒரு தடவை 120 வாட், மறு தடவை 126 வாட் என்றால், 45 பாகை ஏற்றத்தில் இரண்டு பாகைக்கு மேல் அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: ஒரே பேஸ்டைக் கழற்றிப் பூசினாலும் இரண்டு பாகை மாறுகிறதே? (மூதூர்)

பதில்: மாறத்தான் செய்யும். கூலரைத் தூக்கியதும் அடியில் பதிந்த தடத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் தடித்தும் எதிர்மூலையில் உலோகம் தெரியும்படியும் இருந்தால், ஆணிகளைச் சரிசமமாக இறுக்கவில்லை. மூலைக்கு மூலை மாற்றி, தடவைக்கு இரண்டு சுற்றாக இறுக்குங்கள். பழையதை 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலால், நூல் உதிராத துணிகொண்டு துடையுங்கள். ஒவ்வொரு பேஸ்டையும் மூன்று தடவையாவது புதிதாகப் பூசி அளக்கவேண்டும். இரண்டு பேஸ்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கினால், அவை உங்கள் அளவீட்டில் சமம்.

கேள்வி: என் புரோசஸர் ரைசன் 7 7700எக்ஸ். எதைப் பூசினாலும் 95 பாகைதான். (கிண்ணியா)

பதில்: 95 பாகை வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போவது அதன் வடிவமைப்பு. பயோஸில் பிபிடியை (புரோசஸருக்கான மின்சக்தி வரம்பு) 88 வாட்டாகக் குறைத்துவிட்டு அளவிடுங்கள்.

கேள்வி: காய்ச்சல் பார்க்கும் அகச்சிவப்புக் கருவியால் அளக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: வேண்டாம். பளபளக்கும் உலோகத்தில் அது சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பைத்தான் படிக்கும்.