வாங்கில் மூன்று இடம்

வணக்கம் அண்ணா. கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கிறேன். வரிசைமாற்றம், சேர்மானம் இரண்டின் சூத்திரமும் பாடம். ஆனால் கணக்கைக் கண்டால் எதைப் போடுவதென்று தெரிவதில்லை. பூச்சியக் காரணியம் ஏன் ஒன்று? இவற்றை நினைவில் வைக்க இலகுவான வழி உண்டா?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பூச்சியக் காரணியத்தை விடுங்கள். காரணியம் என்பது அத்தனையையும் வரிசையாக அடுக்கும் விதங்களின் எண்ணிக்கை; ஒன்றுமே இல்லாததை அடுக்க ஒரே விதம்தான். 'பாடம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். பாடமாக்கியது பரீட்சை மண்டபத்தில் கைவிட்டுவிடும்.

2008 கடைசியில் போரால் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தோம். பாலை மரத்தடியில் வகுப்பு. மாஸ்ரரிடம் புத்தகம் இல்லை, மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு இருந்தது. நாங்கள் ஐந்து பேர். "எத்தனை விதமாய் இருப்பியள்?" என்றார். ஐந்தையும் நாலையும் மூன்றையும் கூட்டி நான் பன்னிரண்டு என்றேன்.

அவர் ஏசவில்லை. என்னை முதல் இடத்தில் இருத்தினார். "இவன் இருக்கேக்க பக்கத்து இடத்துக்கு எத்தனை பேர்?" நாலு. என்னை எழுப்பி அடுத்தவனை இருத்தினார். திரும்பவும் நாலு. ஐந்து பேரையும் இப்படியே இருத்தி எழுப்பினார். ஆளுக்கொரு நாலு, ஆக இருபது. அந்த இருபதில் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் இடத்துக்கு மூன்று பேர் மிச்சம். அறுபது.

ஏன் பெருக்குகிறோம் என்பது இதுதான். இப்படி யார் எந்த இடத்தில் என்றும் பார்த்து எண்ணுவதுதான் வரிசைமாற்றம். இதைக் காணாமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள். சூத்திரத்தில் ஐந்து காரணியம், அதாவது 5×4×3×2×1, 120. அதை ஏன் இரண்டு காரணியத்தால் வகுக்கிறீர்கள்? வாங்கில் இடம் கிடைக்காத இருவரும் எந்த ஒழுங்கில் நின்றாலும் இருப்பவர்களுக்கு மாற்றமில்லை, அதனால். சரி, யார் எந்த இடத்தில் என்று பாராமல் யார் யார் என்று மட்டும் கேட்டால்? அதே மூவர் தங்களுக்குள் 6 விதமாக மாறி இருக்கலாம். 60ஐ 6ஆல் வகுத்தால் 10. அதுதான் சேர்மானம்.

அடுத்த கிழமை நாலு பேர்தான் வந்தோம். "இண்டைக்கு நாலு பேர், மூண்டு இடம்" என்று தொடங்கிய மாஸ்ரர் அதோடு நிறுத்திவிட்டார். விடை 24 என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

இன்றிரவு ஐந்து தோழிகளின் முதலெழுத்தைப் போட்டு அறுபதையும் கொப்பியில் எழுதுங்கள். எப்படி எழுதினால் ஒன்றும் விடுபடாது என்பது இருபதைத் தாண்டும்போது பிடிபடும். எழுதி முடித்ததும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.