சம்பள உச்சவரம்பு முடிவுகளில் அணி நிர்வாகத்தை நம்பலாமா?

முன்னணி வீரரை விட்டுவிட்டு, "உச்சவரம்பில் இடமில்லை" என்று என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி நிர்வாகம் சொன்னால் நம்பலாமா என்பது கேள்வி. அந்தக் காரணம் பெரும்பாலும் பாதி உண்மைதான் என்பது என் கருத்து. உச்சவரம்பு என்பது ஓர் அணி ஓராண்டில் தன் வீரர்கள் அனைவருக்குமான சம்பளக் கணக்கில் தாண்டக்கூடாத மொத்தத் தொகை; 2024இல் அது 25.54 கோடி டாலர். ஆனால் ஒப்பந்தத்தின்போது கொடுக்கும் போனஸை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் எழுதலாம் என்பதால், இடம் வேண்டுமென்றால் நிர்வாகத்தால் ஓரளவு உருவாக்கிக்கொள்ள முடியும். உதாரணமாக, 2.5 கோடி டாலர் போனஸ் ஆண்டுக்கு 50 லட்சமாகவே கணக்கில் ஏறும். இரண்டே ஆண்டுகளில் அந்த வீரரை நீக்கினாலோ, மீதி 1.5 கோடி ஆடாத வீரருக்கான சுமையாக அணியின் தலையில் விழும்.

ஆகவே நிர்வாகத்தின் பேச்சைவிட, அது இந்தச் சுமையை யாருக்காக ஏற்கிறது என்பதைப் பாருங்கள். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2022 மார்ச்சில் தன் முன்னணி வீரர் டைரீக் ஹில்லை மயாமி அணிக்குக் கொடுத்து ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) பெற்றது; ரசிகர்களுக்கு அது வலித்தது, ஆனாலும் அடுத்த இரண்டு சீசன்களிலும் அந்த அணியே லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றது. டென்வர் பிராங்கோஸோ அதே ஆண்டு செப்டம்பரில் தன் முன்னணி வீரர் ரஸ்ஸல் வில்சனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்து, அந்த நீட்டிப்பின் முதல் சீசன் தொடங்கும் முன்பே அவரை விடுவித்ததால், சுமார் 8.5 கோடி டாலர் சுமையை 2024, 2025 ஆண்டுகளின் கணக்கில் ஏற்க நேர்ந்தது.