பெரியவர்களுக்கு மலச்சிக்கல்: சமையலறையிலிருந்து சில பதில்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் உணவுப் பட்டியல் போடுவது என் வேலை. மலச்சிக்கலைச் சாப்பாட்டால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

திருவாரூர்: எங்கள் இல்லத்தில் தினமும் கீரை, பூவன்பழம் கொடுக்கிறோம். அப்படியும் பலருக்கு நாலு நாள் ஆகிவிடுகிறது. ஏன்?

தண்ணீர் எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். நார்ச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் மலத்தை இளக்கும். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டிக்குக் காலையில் வைத்த சொம்பு சாயங்காலமும் நிரம்பியே இருக்கும். கேட்டால் "தாகமே இல்லப்பா" என்பார். ஒரு நாள்தான் உண்மை வந்தது: "ராத்திரி ரெண்டு தரம் எழுந்திருக்கணும், அந்தப் பொண்ண கூப்பிடக் கூச்சமா இருக்கு." கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி போட்டோம். நீர்மோர், ரசம், கஞ்சி எல்லாவற்றையும் சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடுத்து முடித்தோம். சொம்பு காலியாக ஆரம்பித்தது. இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும்.

பாபநாசம், சமையல்காரர்: பல் இல்லாதவர்கள் வாழைத்தண்டை மெல்ல முடியாமல் துப்பிவிடுகிறார்கள்.

வில்லையாக அரியும்போதே வரும் நூலை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி மோர்த்தண்ணீரில் போடுங்கள். பாசிப்பருப்போடு குழைய வேகவைத்தால் கூட்டு நாக்கிலேயே கரையும். தயவுசெய்து சாறு பிழிந்து வடிகட்டாதீர்கள், நார் எல்லாம் சக்கையோடு போய்விடும். கனிந்த பப்பாளி, கொட்டை எடுத்து மசித்த கொய்யா, காம்பில்லாமல் உருவிய முருங்கைக்கீரை எல்லாம் ஆகும். வெள்ளை அரிசிச் சோற்றில் நார் மிகக் குறைவு, அதனால் பக்கத்தில் வைப்பதுதான் கணக்கு.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு இசப்கோல் (தண்ணீரில் ஊறி உப்பும் நார் உமி) தினமும் தரலாமா?

தரலாம், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும்.

மயிலாடுதுறை: ஒரு வாரமாக வெளிக்குப் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போகிறது. வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கட்டியாக அடைத்து நிற்கும் மலத்தின் ஓரமாகத் தண்ணீர் கசிந்து வருவது இப்படித்தான் தெரியும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடைப்பு நீங்கும்வரை நார்ச்சத்தைக் கூட்ட வேண்டாம். ரத்தம், வாந்தி, வயிறு உப்புதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள்.

மன்னார்குடி: எந்த நேரத்தில் உட்கார வைப்பது?

காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள். வயிறு நிரம்பினால் பெருங்குடல் அசையும், காபி குடித்தாலே சிலருக்கு வந்துவிடும். எங்கள் இல்லத்தில் சரியாக அதே நேரத்தில்தான் குளியல் வரிசை நின்றது! வரிசையைத் தள்ளிப் போட்ட பிறகுதான் பாதிப் பேருக்கு வழி பிறந்தது. மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு குட்டை முக்காலி வையுங்கள். முக்க வேண்டிய அவசியம் குறையும்.

நாகப்பட்டினம்: சாப்பாடெல்லாம் மாற்றியும் பலனில்லை.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், சில வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாமே மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் வாழைப்பழம், கீரை, இளநீர் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

வலங்கைமான்: மாதம் ஒரு தரம் விளக்கெண்ணெய்?

எண்பது வயதில் வேண்டாம். நடு ராத்திரியில் கழிப்பறைக்கு ஓடி வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும்.