கேள்வி–பதில்: டோனி கானிடம் ஆள் பஞ்சமில்லை

அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஏஇடபிள்யூ பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டதால் இந்த வாரம் வேறு எதற்கும் இடமில்லை. அண்டர்டேக்கர், ராக் விசாரிப்புகள் எல்லாம் அடுத்த வாரம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: ஏஇடபிள்யூவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்கிறார்கள். ஆனால் டிவியில் திரும்பத் திரும்ப அதே பதினைந்து முகம்தான். மற்றவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் தூங்குகிறார்களா? (மதுரை)

ப: சிலர் உண்மையிலேயே வீட்டில்தான் இருக்கிறார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை. புதன்கிழமை டைனமைட் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை கொலிஷன் இரண்டு மணி நேரம், ரேம்பேஜ் என்று வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் இருந்தது, அதுவும் 2024 கடைசியோடு நின்றுபோனது. விளம்பரம், நுழைவுப் பாட்டு, மைக் பேச்சு போக மிஞ்சுகிற நேரத்தில் நூறு பேருக்குக் கதை எழுத யாராலும் முடியாது.

2019 தொடக்கத்தில் நிறுவனம் உருவானபோது கோடி ரோட்ஸ், யங் பக்ஸ் சகோதரர்கள், கென்னி ஒமேகா, ஹேங்மேன் பேஜ் என்று விரல்விட்டு எண்ணும்படிதான் பெயர்கள் இருந்தன. அப்புறம் கொரோனா காலத்தில் எதிர்க் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ கூட்டங்கூட்டமாக ஆட்களை வெளியே அனுப்ப, ஏஇடபிள்யூ முதலாளி டோனி கான் ஒவ்வொருவருக்காகவும் கதவைத் திறந்து வைத்தார். மிரோவை நினைத்துப் பாருங்கள். 2020-ல் வந்தார், 2021-ல் டிஎன்டி சாம்பியனாக (உலக பட்டத்துக்கு அடுத்த வரிசை பெல்ட் அது) ஒரு வெறிபிடித்த பக்தர் வேஷத்தில் மிரட்டினார், பெல்ட் போன பிறகு மாதக்கணக்கில் காணாமல் போனார், எப்போதாவது தலைகாட்டினார், கடைசியில் 2025-ல் பழைய ருசேவ் பெயரிலேயே டபிள்யூடபிள்யூஇக்குத் திரும்பிவிட்டார். ரிக்கி ஸ்டார்க்ஸ் கதை இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் பிக் பில்லோடு சேர்ந்து வைத்திருந்த டேக் டீம் பெல்ட்டை ஸ்டிங்–டார்பி ஆலின் ஜோடியிடம் இழந்தார், கொஞ்ச நாளில் டிவியிலிருந்தே மறைந்தார், ஒரு வருஷம் கழித்து டபிள்யூடபிள்யூஇயின் என்எக்ஸ்டி நிகழ்ச்சியில் வந்து நின்றார். மைக்கைக் கையில் கொடுத்தால் எம்ஜேஎஃப்புக்கே ஈடுகொடுத்தவர் அவர்.

என் கருத்து இதுதான்: ஆளை வரவேற்பதில் ஏஇடபிள்யூவை அடித்துக்கொள்ள யாரும் இல்லை, வந்தவருக்கு மூன்றாவது மாதம் என்ன வேலை என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் நின்று பன்னீர் தெளித்துவிட்டுப் பந்தியில் இலை போட மறந்த மாதிரி.

கே: யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்று புக்கிங் செய்வது ஒரே ஆளா, ஒரு குழுவா? (சேலம்)

ப: யோசனை சொல்ல ஆட்கள் உண்டு, கடைசி முடிவு டோனி கானுடையது. அவர் அப்பா ஷாகித் கான் அமெரிக்கக் கால்பந்தில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணிக்கும் இங்கிலாந்தில் ஃபுல்ஹாம் கிளப்புக்கும் சொந்தக்காரர். மகன் சின்ன வயதிலிருந்தே மல்யுத்தப் பைத்தியம். அந்தப் பைத்தியம் நல்லதும் செய்கிறது, கெட்டதும் செய்கிறது. ஒரு ரசிகன் மனசில் கனவு காண்கிற மேட்சையெல்லாம் போட்டுக் காட்டுகிறார். ஆனால் ரசிகனுக்கு மேட்ச் போதும், அடுத்த வாரம் என்ன என்ற கவலை எழுதுகிறவருக்கல்லவா இருக்க வேண்டும்? 2022-ல் ரிங் ஆஃப் ஹானரையும் வாங்கிப்போட்டார். ஏற்கெனவே நேரம் இல்லாதவர் தலையில் இன்னொரு கம்பெனி.

கே: வார்ட்லோவை வீணடித்ததற்கு டோனி கானை மன்னிக்கவே மாட்டேன். நீங்கள்? (ஓசூர்)

ப: நானும்தான். 2019-லிருந்து எம்ஜேஎஃப்புக்குப் பாதுகாவலனாக வாயைத் திறக்காமல் நின்ற ஆள், அவமானத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு, 2022 மே மாதம் லாஸ் வேகாஸில் அதே எம்ஜேஎஃப்பைப் பத்து முறை தூக்கி பவர்பாம் போட்டபோது கூட்டம் கூரையைப் பிய்த்தது. மறுநாளே அவரை மெயின் ஈவென்ட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். டிஎன்டி பெல்ட்டைக் கொடுத்து நடுவரிசையில் உட்கார வைத்தார்கள். 2023 மார்ச்சில் அந்தப் பெல்ட்டை இரண்டாவது முறை ஜெயித்து மூன்றே நாளில் ஹாப்ஸிடம் தோற்றார். சூடு ஆறிய பிறகு எத்தனை முறை அடுப்பில் வைத்தாலும் ரசிகர்களிடம் பழைய சத்தம் வராது.

கே: நீங்கள் எப்போதும் குறையே சொல்கிறீர்கள். இவர்கள் ஒழுங்காகச் செய்த ஒன்றாவது உண்டா? (திருச்சி)

ப: ஹேங்மேன் ஆடம் பேஜ். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஇடபிள்யூவின் முதல் உலக சாம்பியனை முடிவு செய்த 2019 ஆல் அவுட் நிகழ்ச்சி மேட்சில் கிறிஸ் ஜெரிக்கோவிடம் தோற்றவர் இவர். அந்தத் தோல்வியிலிருந்து குடி, தாழ்வு மனப்பான்மை, நண்பர்களிடமிருந்து விலகல் என்று கதை மெதுவாக நகர்ந்தது. ஒமேகாவோடு சேர்ந்து டேக் டீம் பெல்ட் வாங்கினார், அது போனதும் ஒமேகா கழற்றிவிட்டார். 2020 ஃபுல் கியர் நிகழ்ச்சியில் அதே ஒமேகாவிடம் தோற்றார். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2021 நவம்பர் 13, மினியாபொலிஸில் ஒமேகாவை அடித்து உலக சாம்பியன் ஆனார். நடுவில் குழந்தை பிறந்து அவர் விடுப்பில் போனதால் கதையைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது, அதற்காக யாரும் குறுக்கு வழி தேடவில்லை, காத்திருந்தார்கள். சாம்பியன் ஆன அடுத்த மாதமே பிரையன் டேனியல்சனோடு அறுபது நிமிஷம் மோதி டிரா செய்தார்.

இவ்வளவு செய்துவிட்டு 2022 மேயில் சி.எம். பங்கிடம் பெல்ட்டைக் கொடுத்ததும் இதே கம்பெனிதான், அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் பேஜை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லேண்ட் பகை வந்துதான் அவரைக் காப்பாற்றியது.

கே: அந்த ஸ்வெர்வ் பகையைத்தான் கேட்கிறேன். ஸ்வெர்வ் பேஜின் வீட்டுக்குள் புகுந்து குழந்தையின் தொட்டில் பக்கத்தில் நின்று மிரட்டுகிறார், பேஜ் பதிலுக்கு ஸ்வெர்வின் சிறுவயது வீட்டையே கொளுத்துகிறார். போலீஸ் வராதா? (புதுச்சேரி)

ப: நம் சினிமாவில் கிளைமாக்ஸ் முடிந்துதானே போலீஸ் ஜீப் வரும்? இங்கே அதுகூட இல்லை.

ஆனால் கேலியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், 2023 ஃபுல் கியரில் இவர்கள் போட்ட டெக்சாஸ் டெத் மேட்ச்தான் ஸ்வெர்வை நடுவரிசையிலிருந்து உச்சிக்குத் தூக்கியது. ரத்தத்தைக் காணச் சகிக்காதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். 2024 ஏப்ரலில் சமோவா ஜோவை வென்று ஏஇடபிள்யூவின் முதல் கறுப்பின உலக சாம்பியன் ஆனார் ஸ்வெர்வ். மேட்சில் ஜெயித்தவரை மட்டும் வளர்ப்பதுதான் வழக்கம், இந்தப் பகையில் இரண்டு பேருமே வளர்ந்தார்கள்.

கே: மாக்ஸ்லியின் டெத் ரைடர்ஸ் கும்பல் கதை ஒன்பது மாதம் ஓடியது. எனக்குப் பிடித்தது. நண்பர்கள் திட்டுகிறார்கள். யார் பக்கம்? (யாழ்ப்பாணம்)

ப: பாதி உங்கள் பக்கம். மாக்ஸ்லி தன் பழைய நண்பன் டேனியல்சன் முகத்தில் பிளாஸ்டிக் பையைப் போட்டு மூச்சைத் திணறடித்து, 2024 அக்டோபரில் அவருடைய முழுநேர ஆட்டத்தையே முடித்துவைத்து, உலக பெல்ட்டைப் பெட்டிக்குள் பூட்டி யார் கண்ணிலும் காட்டாமல் தூக்கிக்கொண்டு திரிந்தாரே, அந்தத் தொடக்கம் பயங்கரமாக இருந்தது. முடிவும் பிரமாதம். 2025 ஜூலை 12, டெக்சாஸ் ஆர்லிங்டன் மைதானத்தில் மறுபடியும் நம் ஹேங்மேன் பெல்ட்டை ஜெயிக்கிறார், டார்பி வந்து உதவுகிறார், டேனியல்சன் வருகிறார், ஜென்ம விரோதி ஸ்வெர்வே சங்கிலியை எடுத்துக் கொடுக்கிறார்.

நடுவில் உள்ள ஆறு மாதம்தான் உங்கள் நண்பர்களின் கட்சி. ஒவ்வொரு பெரிய மேட்சிலும் கூட்டாளிகள் குறுக்கே ஓடி வந்து மாக்ஸ்லியைக் காப்பாற்றினார்கள், ஏப்ரலில் ஸ்வெர்வ் ஜெயிக்கப் போகிறார் என்று எல்லோரும் எழுந்து நின்றபோது யங் பக்ஸ் வந்து கெடுத்தார்கள். அந்த ராத்திரியே பலர் டிவியை அணைத்திருப்பார்கள். கதையை ஆறு மாதத்தில் முடித்திருந்தால் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கே: சி.எம். பங்க் போனதில் நஷ்டம் யாருக்கு? (கோவை)

ப: ஏஇடபிள்யூவுக்குத்தான், சந்தேகமே வேண்டாம். 2021 ஆகஸ்டில் சிகாகோவில் ஏழு வருஷம் கழித்து அவர் மேடையேறியபோது எழுந்த சத்தத்தை யாரும் மறக்க மாட்டார்கள். 2022 ஆல் அவுட் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசினார், அறைக்குள் யங் பக்ஸ், ஒமேகாவோடு கைகலப்பு. 2023 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்லியில் ஜாக் பெர்ரியோடு இன்னொரு தகராறு, ஒரே வாரத்தில் வேலை போயிற்று. அதே வெம்ப்லியில் 81,035 டிக்கெட் விற்றதாக நிறுவனம் அறிவித்தது, அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடக்கூட அவகாசம் இல்லை.

பங்கை அனுப்பியது சரியா தப்பா என்று வாதாடலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2024 ஏப்ரலில் அந்தச் சண்டையின் கண்காணிப்பு கேமரா பதிவை டைனமைட்டிலேயே போட்டுக் காட்டினார்கள் பாருங்கள், அதுதான். அப்போது பங்க் எதிர்க் கம்பெனியின் நட்சத்திரம். அவருக்கு இலவச விளம்பரம் கொடுக்கத் தங்கள் காசில் இரண்டு மணி நேர நிகழ்ச்சி நடத்துவானேன்?

கே: எல்லாம் நாடகம்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? (வேலூர்)

ப: முடிவு எழுதி வைத்ததுதான். 2023 செப்டம்பரில் ஆடம் கோல் நண்பன் எம்ஜேஎஃப்பைக் காப்பாற்ற ஓடிவரும்போது கணுக்கால் உடைந்ததே, அது யாரும் எழுதி வைத்ததில்லை. முகமூடிப் பிசாசு யார் என்ற கதை அதையொட்டிய மாதங்களில் ஓடியது. டிசம்பர் கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே அதே கோல், சண்டை போடவே முடியாத நிலையில். எம்ஜேஎஃப்பும் காயத்தோடு நானூறு நாளுக்கு மேல் வைத்திருந்த பெல்ட்டை இழந்து ஓய்வுக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் கட்டிய கதைக்குப் பழிவாங்கும் மேட்சே உடனே நடக்கவில்லை. இப்படி ஒன்று நடந்தால் எழுதுகிறவர் என்ன செய்வார் என்பதுதான் ஆராய்ச்சி, வேலூர்க்காரரே.

கே: பெண்கள் பிரிவைப் பற்றி யாருமே கேட்பதில்லை, நான் கேட்கிறேன். (தஞ்சாவூர்)

ப: கேட்டதற்கு நன்றி. முதல் சில வருஷம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பெண்கள் மேட்ச், அதுவும் ஒப்புக்கு. 2021 மார்ச்சில் பிரிட் பேக்கரும் தண்டர் ரோசாவும் ரத்தம் சிந்திக் காட்டிய பிறகும் உடனே எதுவும் மாறவில்லை. மாற்றியவர் டோனி ஸ்டார்ம். பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் நடிகை மாதிரி ஒரு வேஷம் போட்டு, படத்தையே கறுப்பு வெள்ளையில் ஓட்ட வைத்தார். பக்கத்தில் விசிறியாக வந்த மரையா மே துரோகியாகி 2024 வெம்ப்லியில் பெல்ட்டைப் பிடுங்கியது, 2025 மார்ச்சில் கண்ணாடியும் ரத்தமுமாக அது முடிந்தது, எல்லாம் ஆண்கள் பிரிவில் கூட அடிக்கடி கிடைக்காத கதை. மெர்சிடிஸ் மோனே வாங்கிக் குவித்த பெல்ட்டுகளை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

கே: ஆரஞ்சு கேசிடி பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு சண்டை போடுவது மல்யுத்தத்துக்கே அவமானம் இல்லையா? (நாகர்கோவில்)

ப: இல்லை. 2022 அக்டோபரிலிருந்து 2023 செப்டம்பர் வரை முப்பது முறைக்கு மேல் பெல்ட்டைக் காப்பாற்றினார். வாரா வாரம் உடம்பில் காயக்கட்டு கூடிக்கொண்டே போனது, சோம்பேறி வேஷக்காரர் ஓய்வே எடுக்காத சாம்பியன் ஆனார், கடைசியில் மாக்ஸ்லியிடம் ரத்தக்களறியில் தோற்றபோது கூட்டம் எழுந்து நின்றது. ஒரு ஆளை ஒரே இடத்தில் விட்டுத் தொடர்ந்து எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கே: நம்ம சத்னாம் சிங்கை ஏன் பெரிய ஆளாக்க மாட்டேன் என்கிறார்கள்? (பெங்களூரு)

ப: பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து போய் 2015-ல் என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். ஏழடிக்கு மேல் உயரம். 2022 ஏப்ரலில் விளக்கை அணைத்து, திடீரென்று சமோவா ஜோ முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது அமெரிக்க ரசிகர்கள் "யார் இவர்?" என்று முழித்தார்கள். அறிமுகம் சொதப்பினால் அதிலிருந்து மீள்வது கஷ்டம். அப்புறம் ஜெய் லெத்தல் கூட்டத்தில் பின்னால் நிற்கும் மதில் சுவர் வேலைதான். மல்யுத்தம் பிந்திக் கற்றவர், தனியாக நீண்ட மேட்ச் கொடுத்தால் தடுமாறுவார் என்பதும் உண்மை. நம்ம ஆள் என்பதற்காக அதை மறைக்க முடியாது.

கே: 2023 ஃபார்பிடன் டோர் நிகழ்ச்சியில் ஒமேகா–ஆஸ்ப்ரே மேட்சை இங்கே நேரிலேயே பார்த்தேன். அது மாதிரி வருமா? (ஸ்கார்பரோ, டொரொண்டோ)

ப: வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். ஆஸ்ப்ரே அப்போது ஜப்பான் கம்பெனி ஆள், அந்த மேட்ச் முடிந்து ஐந்து மாதத்தில் ஏஇடபிள்யூவில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் டேனியல்சனோடு அவர் போட்டது அதற்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

கே: நான் இதுவரை ஏஇடபிள்யூ பார்த்ததே இல்லை. எங்கே தொடங்க? (காரைக்குடி)

ப: இந்த வார எபிசோடில் தொடங்காதீர்கள், பாதிப்பேர் யார் என்றே புரியாது. டிசம்பர் வரட்டும். கான்டினென்டல் கிளாசிக் என்று ஒரு தொடர் 2023-லிருந்து நடத்துகிறார்கள். இரண்டு குழு, ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா என்றால் ஒன்று, தோற்றால் முட்டை, வெளியாள் யாரும் ரிங் பக்கம் வரக்கூடாது. நம்ம ஊர் கிரிக்கெட் ரசிகருக்குப் புள்ளிப் பட்டியல் போதும், பழைய கதை தெரியாமலே பார்க்கலாம். முதல் வருஷம் எட்டி கிங்ஸ்டன் ஜெயித்தார், அடுத்த வருஷம் ஒகாடா. அதில் இரண்டு மூன்று முகம் பிடித்துப் போனால் அப்புறம் 2022-ல் பங்கும் எம்ஜேஎஃப்பும் கழுத்தில் நாய்ச் சங்கிலி மாட்டிக்கொண்டு போட்ட மேட்சுக்குப் போங்கள். சாப்பிட்ட கையோடு பார்க்க வேண்டாம்.