பால் குடித்தால்தான் தூங்கும் குழந்தையை, பால் இல்லாமல் தூங்கப் பழக்குவது எப்படி?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: குழந்தைக்கு ஏழு மாதம் முடியப் போகிறது. பகலோ இரவோ, மார்பில் வாய் வைத்தால்தான் தூங்குகிறாள். ராத்திரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் தேடுகிறாள். அடுத்த மாதம் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும், பகலில் பாட்டி பார்த்துக்கொள்வார். தாய்ப்பாலை நிறுத்தாமலே, பால் இல்லாமல் தூங்கப் பழக்க முடியுமா?

முடியும். என் மகனும் ஏறக்குறைய இதே வயதில் இப்படித்தான் இருந்தான். எனக்கு மதுரையில் வங்கி வேலை. 26 வாரப் பேறுகால விடுப்போடு கையில் மிச்சமிருந்த விடுப்பையும் சேர்த்து எடுத்திருந்தேன். திரும்பப் போகும் நாள் நெருங்கியபோதுதான் இதில் இறங்கினோம். நான், என் கணவர், என் அத்தை மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை அது. அம்மா ஒருத்தி மட்டும் செய்து முடிக்கிற காரியம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பால் குடித்தபடி தூங்குவது கெட்ட பழக்கம் என்று யார் சொன்னாலும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உறிஞ்சிக் குடிக்கும்போது குழந்தையின் குடலில் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. வயிறு நிறைந்த உணர்வையும் தூக்கத்தையும் அதுதான் கொண்டுவருகிறது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனினும் இருக்கிறது. அப்படித் தூங்கும்படிதான் உடம்பே அமைந்திருக்கிறது. உங்களுக்கு அது தொந்தரவாக இல்லையென்றால் யாருக்காகவும் மாற்ற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை விடிய விடியத் தூங்குகிறதாம் என்பது ஒரு காரணமே இல்லை. வேலைக்குப் போக வேண்டும், தூக்கமில்லாமல் உடம்பு ஓய்ந்துபோய்விட்டது, வேறு யாராலும் தூங்க வைக்க முடியவில்லை என்றால் மாற்றலாம், அதில் குற்ற உணர்வும் தேவையில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டுப் பெரியவர்கள் வேப்பெண்ணெய் தடவு, கற்றாழை தடவு, குழந்தையை நாலு நாள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வா என்பார்கள். அதெல்லாம் பாலை ஒரேயடியாக மறக்கடிக்கச் செய்வது. ஏழு மாதக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் செய்ய வேண்டியது, பால் குடிக்கிற நேரத்தையும் கண் அசருகிற நேரத்தையும் பிரிப்பது மட்டும்தான்.

ஏன் அடிக்கடி எழுகிறாள்? குழந்தைகளின் தூக்கம் சுற்றுச் சுற்றாக வரும், ஒரு சுற்று சுமார் 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது அரைகுறையாக விழிப்பு தட்டும். நமக்கும் தட்டுகிறது, புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். ஆனால் தூங்கும்போது தலைக்கு அடியில் இருந்த தலையணை விழிக்கும்போது காணாமல் போயிருந்தால் நாமும் எழுந்து தேடத்தான் செய்வோம். அவள் தேடுவது மார்பை. தூங்கத் தொடங்கியபோது வாயில் இருந்தது அதுதானே.

இதனால் ராத்திரி எழுவதெல்லாம் பசி இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஏழு மாதத்தில் இரவில் ஓரிரு முறை நிஜமாகவே பசிக்கலாம். கவனித்தால் வித்தியாசம் தெரியும். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டு, நன்றாகக் குடித்தால் பசி. நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் கண் சொருகினால் அது தூக்கத்துக்கான தேடல். சில ராத்திரிகள் இதை மட்டும் கவனித்துக் குறித்து வையுங்கள். எந்த நேரத்துப் பாலைத் தொடக் கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கை வைக்க வேண்டியது ராத்திரியின் முதல் தூக்கத்தில். நாள் முழுக்க விழித்திருந்த களைப்பு சேர்ந்திருப்பதால் அப்போது தூக்கம் தானாகவே வந்து அழுத்தும், வேலை பாதி சுலபம். இந்த வயதில் பொதுவாக இரண்டரை, மூன்று மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த தூக்கத்துக்குத் தயாராகிவிடுவார்கள். கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, வெறித்துப் பார்ப்பது தொடங்கியதும் படுக்கைக்கு வந்துவிட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் களைப்பு அழுகையாக மாறும், அப்புறம் எதுவும் எடுபடாது.

வரிசையை இப்படி மாற்றினோம். முன்பு உடம்பு துடைத்து, உடை மாற்றி, விளக்கணைத்து, கடைசியில் பால். மாற்றிய பின் பால்தான் முதலில், அதுவும் படுக்கையறையில் இல்லாமல் ஹாலில், விளக்கு வெளிச்சத்தில். வயிறு நிறையக் குடிக்கட்டும். தூங்கிவிடாதபடி பேச்சுக் கொடுங்கள், பாதத்தை வருடுங்கள். அப்புறம் ஏப்பம் எடுத்து, உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றி, உள்ளே போய் விளக்கணைத்துத் தாலாட்டு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், தினமும் அதே நேரம், அதே வரிசை. பல் முளைக்கத் தொடங்கும் வயது என்பதால் இந்த வரிசையில் இன்னொரு வசதி, பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிடலாம்.

ஒரேயடியாக இப்படி மாற்றுவது கஷ்டமாக இருந்தால் நடுவில் ஒரு படி இருக்கிறது. வழக்கம் போலப் படுக்கையிலேயே பால் கொடுங்கள். விழுங்குவது நின்று, வாய் மட்டும் லேசாகத் துடிக்கிற நிலை ஒன்று வரும். அப்போது கழுவிய சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்தால் பிடி விடும். மெதுவாக விலக்கி, தாடையை உங்கள் விரலால் சில நொடிகள் தாங்கிப் பிடியுங்கள். அப்படியே தூங்கினால் சரி. மறுபடி தேடினால் கொடுத்துவிடுங்கள், மறுபடி துடிப்பு நிலை வந்ததும் எடுங்கள். முதல் சில நாள் இது ஒரு மணி நேரம்கூட இழுக்கும், முதுகு விட்டுப்போகும். ஆனால் மார்பு வாயில் இல்லாமலும் கடைசி நிமிடத்தைக் கடக்க முடியும் என்று குழந்தை கற்றுக்கொள்வது இங்கேதான். பொறுமை இருந்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான், அழுகை குறைவு.

பாலை எடுத்த இடத்தில் வேறு ஒன்று வர வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. தட்டிக்கொடுப்பது, ஒரே பாட்டு, நெற்றியில் தடவுவது, எதுவானாலும் சரி. பாலை மாற்றத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே, பால் கொடுக்கும்போதே அதே தாளத்தில் முதுகில் தட்டிக்கொண்டு அதே ஆராரோவைப் பாடிப் பழக்கிவிடுங்கள். பிறகு பால் விலகினாலும் தட்டும் பாட்டும் கூட இருக்கும். குரல் நன்றாக இல்லையே என்ற கவலை வேண்டாம்.

இனி மற்றவர்கள். உங்கள் மடியில் படுத்துக்கொண்டு பால் வேண்டாம் என்று எந்தக் குழந்தையும் இருக்காது. வாசனை வந்ததும் நைட்டி ஜிப்பை இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் பாலை முடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். தோளில் போட்டு நடப்பதும் தட்டுவதும் பாடுவதும் அப்பாவோ பாட்டியோ செய்யட்டும். அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வரத் தோன்றும். தூங்க வைக்கிறவர் கூப்பிட்டாலொழிய போகாமல் இருப்பதுதான் அம்மாவின் பங்கு. இவர்தான் தூங்க வைப்பார், இவரிடம் பால் இல்லை என்பதைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். பகலில் பாட்டியிடம் தூங்குவது பல வீடுகளில் ராத்திரியைவிடச் சுலபமாக அமைவதும் அம்மா கண்ணில் படாததால்தான்.

அழுகை இருக்கும், இல்லாமல் நடக்காது. ஆனால் ஒருவர் தோளில் இருந்தபடி அழுவது வேறு, தனியறையில் விடப்பட்டு அழுவது வேறு. குழந்தையைத் தொட்டிலில் விட்டு வெளியே வந்து, இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் போய்ப் பார்க்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் பரவலாக்கினார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆய்வாளர்கள் ஏழு மாதக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இப்படிப்பட்ட முறையையோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகும் முறையையோ சொல்லிக்கொடுத்து, அதே பிள்ளைகளை ஆறு வயதில் மீண்டும் சோதித்தார்கள். மனநலத்திலோ தாயோடு உள்ள நெருக்கத்திலோ பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று 2012-ல் வெளியிட்டார்கள். ஆகவே அந்த முறையைப் பின்பற்றும் தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறோம், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. தனியாக விட்டு அழ வைப்பது அங்கே சரிப்படாது, எனக்கு மனமும் ஒப்பவில்லை. அவசியம் இல்லை என்பதும் அனுபவத்தில் தெரிந்தது.

தூளி பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். சேலைத் தூளியில் போட்டு ஆட்டினால் பால் இல்லாமலே தூங்கிவிடுவாள், உண்மைதான். பகலில் பாட்டிக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆட்டம் நின்றதும் எழும் பழக்கம் வரும், ராத்திரி இரண்டு மணிக்குத் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதைவிட முக்கியம் பாதுகாப்பு. புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிய குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது, நம் ஊரில் அப்படிச் சாவுகளே நடந்திருக்கின்றன. கொக்கியையும் கயிற்றையும் அடிக்கடி பாருங்கள், தரைக்கு அருகில் தாழ்வாகக் கட்டுங்கள், தூங்கியதும் எடுத்துச் சமதளமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். ராத்திரிக்குத் தூளி வேண்டாம் என்பது என் கருத்து. படுக்கையிலும் முகத்தருகே கடுகுத் தலையணை, அணைப்புத் தலையணை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம்.

நடு இரவில் எழும்போது முன்பு குறித்து வைத்தது உதவும். பசிக்கான வேளைகளில் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். மற்ற நேரங்களில் முதலில் அப்பா தட்டிப் பார்க்கட்டும். குறைக்க நினைக்கிற வேளையில், பால் கொடுக்கும் நிமிடங்களை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். ஒரே ராத்திரியில் நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும், காய்ச்சல்கூட வரும். கனமாக இருந்தால் வலி தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி எடுங்கள். ராத்திரி குறைந்த பாலைப் பகலில் ஈடுகட்ட வேண்டும். இந்த வயதில் வேடிக்கை பார்ப்பதில் பகல் பாலைப் பாதியில் விட்டுவிடுவார்கள், அமைதியான இடத்தில் வைத்துக் கொடுங்கள்.

ராத்திரி கேழ்வரகுக் கூழை வயிறு முட்டக் கொடு, தூங்கிவிடும் என்று சொல்வார்கள். பசியால் எழாத குழந்தையைக் கூழ் தூங்க வைக்காது, இந்த வயதில் முக்கிய உணவு இன்னும் பால்தான். சளி மருந்தைக் கொடுத்துத் தூங்க வைப்பது ஆபத்து, அந்தப் பக்கமே போகாதீர்கள். வசம்பை உரசிக் கொடுப்பதும் வேண்டாம். தேன் ஒரு வயதுக்கு முன்னால் நாக்கில்கூடத் தடவக் கூடாது.

காய்ச்சல், சளி, பல் வலி, ஊர்ப் பயணம், எடை சரியாக ஏறாமை, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். நடுவில் உடம்புக்கு வந்துவிட்டால் கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள், தேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எவ்வளவு செய்தும் தூக்கத்தில் ஓயாமல் புரள்கிறாள், குறட்டை விடுகிறாள் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவாலும் தூக்கம் கெடும்.

இன்னொன்று, வேலைக்குப் போகத் தொடங்கியதும் முதல் சில வாரம் ராத்திரிப் பால் மறுபடி கூடலாம். பகலில் உங்களைக் காணாத குழந்தை பாட்டி கொடுக்கும் பாலைக் குறைத்துக்கொண்டு, நீங்கள் வந்ததும் பிடித்துக்கொள்ளும். பழகியது எல்லாம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு முதல் வேலையாகப் பால் கொடுங்கள், அப்புறம் தூங்குமுன் அதே வரிசை. பீய்ச்சி வைக்கும் பாலை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள், எடுத்ததும் ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வைத்தால் 4 நாள் வரை இருக்கும்.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அது போதும். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல் வரும் சனிக்கிழமை இரவே தொடங்குங்கள், மறுநாள் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும். பகல் தூக்கத்தை இரண்டு வாரம் கழித்துப் பாட்டியிடம் ஒப்படையுங்கள், அந்த ஒரு மணி நேரம் நீங்கள் கடைக்கோ மாடிக்கோ போய்விடுங்கள்.