மைத்துனர் மகன் போன கம்பெனிக்கே உங்கள் மகளும் போக வேண்டுமா?

ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் புள்ளியியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. நல்ல மதிப்பெண். ஆனாலும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மைத்துனரின் மகன் எம்பிஏ முடித்து, மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான்: "இவளையும் அந்த லைன்ல விடுங்க மாமா, வெறும் புள்ளியியலை வெச்சு என்ன பண்ணப்போறா?" பெரிய கடனாக வாங்கி, பட்டம் முடித்த கையோடு எம்பிஏ-வில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறார். மகள் என்ன நினைக்கிறாள் என்பதற்குக் கடிதத்தில் ஒரே ஒரு வரி: "அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார், சின்னப் பொண்ணு."

உங்கள் கவலை நியாயமானது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லும்போது எந்தத் தகப்பனுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். சரி, ஆறுதல் இத்தோடு போதும். உங்கள் மைத்துனர் வீட்டு யோசனையை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அந்தப் பையன் எந்த மாதிரி கன்சல்டிங்கில் இருக்கிறான் என்று யாராவது கேட்டீர்களா? 1926-இல் தொடங்கிய மெக்கின்சி, 1963-இல் வந்த பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973-இல் வந்த பெயின் ஆகியவை நிறுவனத் தலைமைக்கு வியூகம் சொல்வதில் பேர் வாங்கியவை. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கும் தணிக்கையில் வேர்விட்டு, பிறகு வரி, இடர், தொழில்நுட்பம் என்று கிளைத்தவை. அக்சென்ச்சர், ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனத்தின் குடும்பத்திலிருந்து பிரிந்து 2001-இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. அதன் வேலையில் பெரும்பங்கு கணினி அமைப்புகளை நிறுவி நடத்திக் கொடுப்பது. எல்லா இடத்திலும் விசிட்டிங் கார்டில் 'கன்சல்டன்ட்' என்றுதான் இருக்கும். ஒருவர் போட்டி நிறுவனத்தை வாங்கலாமா வேண்டாமா என்று இயக்குநர் குழுவுக்கு எழுதிக்கொண்டிருப்பார். இன்னொருவர் புது மென்பொருளில் கொள்முதல் பில் சரியாக ஓடுகிறதா என்று மாதக்கணக்கில் சோதித்துக்கொண்டிருப்பார். இரண்டுமே கௌரவமான வேலைதான். ஆனால் எதைப் பார்த்து ஆசைப்படுகிறோம் என்று தெரியாமல் கடன் வாங்கக் கூடாது.

அந்தப் பையனிடம் சம்பளத்தைக் கேட்காதீர்கள், அதை உங்கள் மைத்துனரே நிறையச் சொல்லியிருப்பார். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தாய் என்று கேளுங்கள்.

பெரும்பாலும் பதில் இப்படி இருக்கும். ஒரு புராஜெக்ட் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஓடும். நாலைந்து பேர் கொண்ட குழு. மேலே ஒரு பார்ட்னர், நடுவே ஒரு மேனேஜர், கீழே புதிதாகச் சேர்ந்தவர்கள். பகலில் கிளையண்ட் அலுவலகத்து ஆட்களைச் சந்தித்துத் தரவு வாங்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர், இந்த ஆய்வு முடிந்தால் தங்கள் வேலை போகுமோ என்ற பயத்தில் இருப்பார்கள், எளிதில் எதையும் தரமாட்டார்கள். மாலையில் அந்த எண்களை எக்செல்லில் போட்டுச் சரிபார்த்து ஸ்லைடாக்க வேண்டும். ஒரு ஸ்லைடுக்குத் தலைப்பு முழு வாக்கியமாக இருக்கணும், அந்த வாக்கியத்தை மட்டும் நிரூபிக்கும் வரைபடம் ஒன்று இருக்கணும், அடியில் தரவு எங்கிருந்து வந்தது என்ற வரி இருக்கணும். ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் அதைப் பார்த்து ஓரத்தில் "இதனால் என்ன?" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பதினொன்றரைக்குப் பார்ட்னர் வரிசையையே மாற்றுவார். காலை ஒன்பதுக்குக் கூட்டம். வாரத்துக்கு அறுபது மணி நேரத்தைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல.

இதில் கற்றுக்கொள்வது நிறைய என்பதை மறுக்கமாட்டேன். குழப்பமான ஒரு பிரச்சினையை எப்படிப் பிரிப்பது, பெரிய பதவியில் இருப்பவரிடம் மூன்று நிமிடத்தில் எப்படி விஷயத்தைச் சொல்வது, முன்பின் தெரியாத ஒரு துறையை ஒரு வாரத்தில் எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் இருபத்தைந்து வயதில் வேறு எங்கும் இவ்வளவு வேகமாகக் கற்க முடியாது. கூட வேலை செய்பவர்களும் கெட்டிக்காரர்கள். மூன்று வருடம் இருந்துவிட்டு வெளியே வருபவருக்கு நல்ல கதவுகள் திறக்கின்றன.

ஆனால் மற்ற பக்கத்தையும் பாருங்கள். பல நிறுவனங்களில் உங்கள் நேரம் மணிக்கணக்கில் கிளையண்டுக்குப் பில் போடப்படுகிறது. ஆகவே வருடத்தில் எத்தனை மணி நேரம் பில் ஆனது என்பது உங்கள் மேல் ஒட்டிய எண். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தால் சும்மா இருக்கும் சந்தோஷம் வராது, அடிவயிற்றில் புளிதான் கரையும். ஒவ்வொரு புராஜெக்டுக்குப் பின்னும் மதிப்பீடு உண்டு. குறிப்பிட்ட காலத்தில் மேலே ஏறாதவரை மரியாதையாக வெளியே அனுப்பும் வழக்கம் வியூக நிறுவனங்களில் ரொம்பப் பழையது. சரி, ஏறிக்கொண்டே போனால்? உச்சியில் இருக்கும் பார்ட்னரின் முக்கிய வேலை புது கிளையண்டைப் பிடிப்பது. அதாவது, விற்பனை. ஆராய்ச்சி மனம் கொண்ட பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்வதே இல்லை. இந்த ஏணியில் ஏற ஏற, கணக்கு குறைந்து பேச்சு கூடும்.

எம்பிஏ முடித்தால் இடம் நிச்சயம் என்பதும் இல்லை. கம்பெனிகள் செலவைச் சுருக்கும்போது முதலில் நிறுத்துவது வெளி ஆலோசகர்களைத்தான். 2023-இல் பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் சில, வேலை உறுதிக் கடிதம் கொடுத்த பட்டதாரிகளின் சேரும் தேதியையே பல மாதங்கள் தள்ளிவைத்தன. நிறுவனங்கள் தேதியைத் தள்ளலாம், வங்கி வட்டியைத் தள்ளாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். நடுவில், புகார் சொல்கிற தொனியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். காப்பீட்டு ஏஜென்ட் கொடுத்த தாளை எடுத்துவைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் சாப்பாடு மறந்து உட்கார்ந்தாளாம். கடைசியில் "அப்பா, இவர் சொல்ற வட்டி இதில் வராது, அதில் பாதிதான் வரும்" என்றாளாம். "எதுக்கும்மா உனக்கு இந்த வேண்டாத வேலை" என்று நீங்கள் அதட்டினீர்களாம்.

அந்த வேண்டாத வேலைக்கு உலகம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள், சார். காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் நாளைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை இன்றே கணித்துச் சொல்லும் அந்தத் தொழிலைச் செய்பவருக்கு ஆக்சுவரி என்று பெயர்.

எம்பிஏ-வா, டேட்டா சயின்ஸா, கணக்காளர் படிப்பா என்று நான் இங்கே பட்டியல் போடப்போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சொந்தத்தில் யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ஓய்வூதியம் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. அதற்காக இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும்? 30 வருடம் கழித்து 100 தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீத வருமானம் வரும் என்று எடுத்துக்கொண்டால் இன்று ஏறக்குறைய 13 ஒதுக்கினால் போதும். 6 சதவீதம்தான் வரும் என்றால் 17-க்கு மேல் வேண்டும். ஒரே ஒரு சதவீதம் மாறியதற்கு, ஒதுக்க வேண்டிய பணம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இது போதாதென்று, ஓய்வு பெற்றவர் எத்தனை வயது வரை வாழ்வார், சம்பளம் எப்படி ஏறும், எத்தனை பேர் நடுவில் வேலையை விடுவார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அனுமானம், அந்த அனுமானத்துக்குக் காரணம், கடைசியில் ஒரு கையெழுத்து.

இன்னொன்று. வாகனக் காப்பீட்டில் ஒரு வருடம் நடந்த விபத்துகளுக்கெல்லாம் அந்த வருடமே பணம் கொடுத்து முடிவதில்லை. சிலது நீதிமன்றத்தில் ஐந்தாறு வருடம் இழுக்கும். ஆக்சுவரி ஒரு அட்டவணை போடுவார். விபத்து நடந்த ஆண்டுகள் கீழ்நோக்கி, அதன்பின் கடந்துபோன ஆண்டுகள் பக்கவாட்டில், கட்டங்களில் அதுவரை கொடுத்த பணம். பழைய ஆண்டுகளின் வரிசை முழுதாக நிரம்பியிருக்கும், புதிய ஆண்டுகளின் வரிசையில் பெரும்பகுதி காலியாக இருக்கும். ஆகவே அட்டவணை ஒரு முக்கோணம் மாதிரி தெரியும். முந்தைய ஆண்டுகளில் முதல் வருடம் 100 கொடுத்தது இரண்டாம் வருட முடிவில் 150 ஆகியிருந்தால், இந்த ஆண்டு 120 கொடுத்திருப்பதும் 180 ஆகும் என்று கணிக்கலாம். இது ஆரம்பப் பாடம். நடுவில் சட்டம் மாறியிருந்தால் என்ன செய்வது, பணவீக்கம் ஏறினால் என்ன செய்வது, ஒரே ஒரு பெரிய விபத்து கணக்கைக் கெடுத்திருந்தால் அதை எடுத்துவிடலாமா என்பதில்தான் மூளைக்கு வேலை. உங்கள் மகள் ஏஜென்ட் தாளுடன் உட்கார்ந்ததும் இந்த மாதிரிப் பிடிவாதம்தான்.

தொழிலும் நேற்று முளைத்ததல்ல. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே எட்மண்ட் ஹாலி, 1693-இல், இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்குகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணை போட்டவர். இன்று பல நாடுகளில், காப்பீட்டு நிறுவனம் நியமிக்கப்பட்ட ஆக்சுவரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 17 என்ற காப்பீட்டுக் கணக்கியல் விதி இவர்களுடைய வேலையை இன்னும் கூட்டிவிட்டது.

படிப்பு எப்படி? கல்லூரியில் இரண்டு வருடம் போய் உட்கார வேண்டியதில்லை. பிரிட்டனின் ஆக்சுவரிகள் சங்கம், அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் போன்றவை தேர்வு நடத்துகின்றன. ஒவ்வொரு தாளாக எழுதலாம். அமெரிக்கச் சங்கத்தின் முதல் தாள்களில் ஒன்று நிகழ்தகவு: 3 மணி நேரம், 30 கேள்வி. பிரிட்டன் சங்கத்தின் புள்ளியியல் தாளில் ஆர் நிரலாக்க மொழியில் செய்துகாட்டும் பகுதியும் உண்டு. இவள் இப்போது படிக்கும் பாடமே இதற்குப் பாதி அஸ்திவாரம். சில தாள்கள் தேறியதும் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே மீதியை எழுதுவதுதான் வழக்கம். தேர்வுக் கட்டணத்தையும் படிக்க விடுப்பையும் தரும் நிறுவனங்கள் நிறைய உண்டு.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தாள்கள் கடினம். தொடக்கத் தாள்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் தவறுவது சாதாரணம். முழுத் தகுதி பெற ஏழெட்டு வருடம் ஆகலாம். நண்பர்கள் ஊர் சுற்றும் சனிக்கிழமைகளில் இவள் புத்தகத்தோடு இருப்பாள். இரண்டு மூன்று தாள்கூடத் தேறாமல் முதல் வேலை கிடைப்பது சிரமம். புதியவர்களுக்கான இடங்களும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் ஒரு தாளில் தவறினால் போவது ஒரு தாளின் கட்டணமும் அரை வருடமும்தான். எம்பிஏ ஒத்துவராமல் போனால் போவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விஷயம், இதை மைத்துனரிடமும் சொல்லுங்கள். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கிலும் ஆக்சுவரிகளுக்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மெர்சர், மில்லிமன், டபிள்யூடிடபிள்யூ போன்ற பெரிய ஆலோசனை நிறுவனங்களில் ஆக்சுவரி வேலை முக்கியமான தூண். கன்சல்டிங் நிறுவனம்தான் வேண்டும் என்றால் அவள் அந்தக் கதவு வழியாகவும் போகலாம். எதைக் கேட்டாலும் பேசத் தெரிந்த ஆளாகப் போவதற்கும், மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவளாகப் போவதற்கும் வித்தியாசம் உண்டு. பெஞ்சில் உட்காரும் பயமும் அங்கே கொஞ்சம் குறைவு.

கடன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. வேலை அனுபவம் இல்லாத, எந்தத் துறை பிடிக்கும் என்று இன்னும் தெரியாத பிள்ளையின் பெயரில் பெரிய கடன் வாங்காதீர்கள். அந்த மாதத் தவணை இருக்கும்வரை, பிடிக்காத வேலையை அவளால் விடவும் முடியாது. மூன்று நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்போதும் அவளுக்கே எம்பிஏ வேண்டும் என்று தோன்றினால் போகட்டும். அனுபவத்தோடு வருபவரை நல்ல கல்லூரிகள் விரும்பித்தான் எடுக்கின்றன, சில சமயம் வேலை கொடுக்கும் நிறுவனமே செலவைப் பகிரும்.

"அவளுக்குத் தெரியாது" என்ற வரியையும் நான் ஏற்கமாட்டேன். தெரியுமா தெரியாதா என்று பார்க்க வழி இருக்கிறது. அமெரிக்கச் சங்கம் நிகழ்தகவுத் தாளுக்கான மாதிரிக் கேள்விகளையும் விடைகளையும் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அதில் முப்பதை எடுத்துக் கொடுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், மதிப்பெண்ணும் கேட்காதீர்கள். மறுநாள் தானாகவே அடுத்த முப்பதை எடுக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். எடுத்தால் முதல் தாளுக்குப் பதிவுசெய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்டு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவளுக்கே பதில் போடுகிறேன். எடுக்காமல் மூடிவைத்தாலும் எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம். அதுவரை வங்கிக்காரரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.